கோரைப்பல்

கீழ்ப் பல்செட் மறுபடியும் நழுவியது. மாமாவின் தாடையை இடது கையால் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் பல்வரிசையை ஈறின் மேல் அழுத்தி உட்காரவைத்தாள் மருமகள். கையை எடுத்ததும் அது நாக்குப் பக்கமாகச் சாய்ந்தது. நோய் உடம்பைக் கரைத்தபோது ஈறையும் சேர்த்துக் கரைத்திருந்தது. கடைசி மாதங்களில் பாலும் சூப்பும்தான் ஆகாரம் என்பதால் அவர் பல்செட்டைக் கழற்றித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டார். அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் மாற்றுவதை அவள் ஒரு நாளும் விட்டதில்லை.

காலையில்தான் போனார். நன்றாக விடிந்தபிறகு ஜன்னல் திரையை விலக்கித் திரும்பிப் பார்த்தாள், கண் பாதி திறந்திருந்தது, மூச்சு இல்லை. எப்போது நின்றது என்று தெரியாது. டாக்டர் வந்து பார்த்து, உறுதி சொல்லிவிட்டுப் போனார். இனி தாடை இறுக ஆரம்பித்துவிடும். இறுகிவிட்டால் யார் வந்தாலும் வாயைத் திறக்க முடியாது. கன்னம் குழிந்து, உதடு உள்ளே மடிந்து, ஊருக்கெல்லாம் பல் கட்டிக்கொடுத்த மனிதர் பொக்கைவாயோடு போய்ச் சேர்ந்தார் என்று ஆகிவிடும். அதற்கு இடம் கொடுக்க அவள் தயாராக இல்லை.

எழுந்து வேலை அறைக்குப் போனாள். ஹாலுக்கு அடுத்த அறை. வீட்டாருக்குப் பின்னறை, ஊராருக்குப் பல்செட் கடை. ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, ரோஸ் நிற மெழுகுத் தகட்டில் ஒரு துண்டை நறுக்கிச் சூட்டில் காட்டி, பல்செட்டின் அடியில் ஒட்டிக் கத்தியால் வழித்தாள். தினமும் செய்கிற வேலைதான். மெழுகு வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஓடிவந்து வாய்க்குள் வைத்து அழுத்தினாள். இந்தத் தடவை பிடித்துக்கொண்டது. "கடிங்க" என்று வாய்வரை வந்துவிட்டது. பல் மாட்டிக்கொள்ள வருகிற எல்லோரிடமும் சொல்லிப் பழகிய வார்த்தை. அவளே தாடையை மேலே தள்ளி அவரைக் கடிக்கவைத்தாள்.

துண்டைச் சுருட்டி மோவாய்க்குக் கீழே முட்டுக்கொடுத்தாள். கன்னம் நிரம்பியது. உதடு எழுந்து, யாரையோ கேலி செய்யப் போகிறவர் மாதிரி, முகம் அவருடைய பழைய முகமாக ஆயிற்று. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

புருஷனின் முகத்தை அவளுக்கு யாரும் காட்டவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகாத சமயம். பெட்ரோல் பங்கில் மானேஜராக இருந்தான். திருட்டில் பிடிபட்டு வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட பையன் ஒருவன் ஒரு ராத்திரி திரும்பி வந்தான். ஆபீஸ் அறைக்குள் மானேஜரும் வாட்ச்மேன் கிழவரும் இருந்தார்கள். வெளியே தாழ் போட்டுவிட்டுத் தீ வைத்தான். வீட்டுக்கு வந்தது மூடிய பெட்டி. திறக்க வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு எப்படி அழுவது என்று தெரியாமல் அவள் அதன் ஆணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. அந்தப் பையன் தூக்கில் தொங்க வேண்டும். அதை அவள் ஒளித்து மறைத்துச் சொல்லவில்லை, கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். சொன்னால் எல்லோரும் தலையைச் சாய்த்து இதமாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். போனவன் திரும்பியா வரப்போகிறான், மனதில் வைத்துக்கொண்டால் உனக்குத்தான் கெடுதல், அவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே. அவளுடைய சொந்த அண்ணனே அப்படித்தான் பேசினான். அவர்கள் யார் வீட்டுக்கும் பெட்டி வந்ததில்லை. அடுத்தவர் வீட்டுப் பிணத்துக்கு மன்னிப்பு வழங்க ஊரில் எப்போதும் ஆள் இருக்கிறது.

மாமா மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவளோடு வந்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார், தண்ணீர் பாட்டிலை நீட்டினார். தூக்கு என்று தீர்ப்பு வாசித்த அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், அவர் விடுவித்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. உலகத்தில் தன் பக்கம் ஒரு ஆள் இருக்கிறது. குழந்தை குட்டி இல்லை, மாமியாரும் முன்பே போய்விட்டாள். அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கலாம், இன்னொரு கல்யாணம்கூடச் செய்துகொண்டிருக்கலாம். அந்த ஒரு ஆளுக்காக இந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவரோடு சேர்ந்து பல் கட்டினாள்.

தூக்குக்குத் தேதிகூடக் குறித்தார்கள். அதற்கு முந்தைய வாரம் மாமா சாமான் வாங்க வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை வெளியூர் போய்வந்தார். தேதிக்கு முதல் நாள் தடை வந்தது. கொஞ்ச நாளில், கருணை மனுவை ஏற்று ஆயுள் தண்டனையாக மாற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஏன், எதற்கு என்று யாரும் அவளுக்கு விளக்கவில்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்கப் படுத்திருந்தாள். மாமா வெளியே நின்று, "நம்ம கையில என்னம்மா இருக்கு" என்றார். குரல் உடைந்திருந்தது. அவரும் தன்னைப் போலத்தான் தோற்றுப் போயிருக்கிறார் என்று நினைத்து, அவருக்காக எழுந்துவந்து டீ போட்டாள்.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. நாத்தனார், அதாவது மாமாவின் மகள், கணவரோடு காரில் வந்து இறங்கினாள். கீழே கடை வைத்திருக்கும் மருந்துக்கடைக்காரர், யாரும் கேட்காமலேயே பொறுப்பை எடுத்துக்கொண்டு, அமரர் வண்டிக்குச் சொல்லி, நாற்காலிகளை அடுக்கி, படியேறி வருகிறவர்களிடம் செருப்பை ஓரமாக விடச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்களில் பாதிப் பேர் வாயில் மாமா இருந்தார். ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் கட்டிலருகே வந்து அழ ஆரம்பித்ததும் அவருடைய மேல்செட் கழன்று இறங்கிவிட்டது. கையால் தாங்கிப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு, ஐயா இருந்தால் திட்டியிருப்பார், ஆறு மாதமாக வந்து சரி செய்துகொள்ளச் சொல்லிக்கொண்டே இருந்தார் என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மாமாவுக்கும் வந்திருக்கும்.

அந்த அம்மாள் எப்போது வந்தாள் என்று கவனிக்கவில்லை. பார்த்தபோது கட்டிலின் கால்பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தாள். நரைத்த தலை, துவைத்துத் துவைத்து நிறம் போன துணி. வாடிக்கையாளர்தான் யாரோ என்று நினைத்தாள். அந்த அம்மாள் சத்தம் வராமல் அழுதாள். வாயை அகலத் திறந்து, மூச்சை இழுத்து, மறுபடி திறந்து. இடது பக்க மேல் கோரைப்பல்லின் முனை சாய்வாக உடைந்திருந்தது.

அந்த உடைசல் அவளுக்குத் தெரியும். அவள் கையால் ஆனது. மெஷினில் பல்லைத் தேய்க்கப் பழகிய புதிதில் ஒரு நாள் கை வழுக்கி, கோரைப்பல்லின் முனை பறந்துவிட்டது. பயந்துகொண்டே கொண்டுபோய்க் காட்டினாள். மாமா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இருக்கட்டும், இப்போதுதான் சொந்தப் பல் மாதிரி இருக்கிறது என்றார். யாருக்கு என்று கேட்டதற்கு, தெரிந்தவர்கள், கடைக்கு வர முடியாதவர்கள், நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்றார். செய்த தப்புக்கு ஈடாக அவள் அந்தச் செட்டை மட்டும் இரண்டு தடவை பாலிஷ் போட்டாள். நல்ல டப்பாவாகப் பார்த்து எடுத்து, உள்ளே பஞ்சு வைத்தாள். பாவம் நல்லாச் சாப்பிடட்டும் என்று வாய்விட்டுச் சொன்னது இப்போதும் நினைவிருந்தது.

பல்லைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். பல் வைத்தால் முகம் பத்து வயது இளமையாகிவிடும், அதுதான் இந்தத் தொழிலின் லாபம். மனதுக்குள் அந்தப் பற்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கன்னம் உள்ளே போயிற்று, மோவாய் மூக்கை நோக்கி எழுந்தது. கோர்ட்டில் எதிர்ப் பக்கத்துப் பெஞ்சில், வாயைத் துணியால் பொத்திக்கொண்டு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் உட்கார்ந்திருந்த முகம். கொன்றவனைப் பெற்றவள்.

அவள் கத்தவில்லை. எழுந்து போய், "உள்ள வாங்க" என்றாள். அந்த அம்மாள் மறுபேச்சு பேசாமல் எழுந்து வந்தாள்.

வேலை அறையில் ஸ்பிரிட் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்தாள். அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் மாவு அச்சுகள், ஊராரின் ஈறுகள், வாயைத் திறந்தபடி. கதவை ஒருக்களித்தாள்.

"இந்தப் பல்ல யாரு கட்டினது?"

அந்த அம்மாள் கையால் வாயைப் பொத்தினாள். கோர்ட்டில் துணியால் பொத்தியது போலவே. "ஐயாதாம்மா."

"எப்ப?"

"தண்டனைய மாத்தினதுக்கப்பறம். வீட்டுக்கே வந்து அளவு எடுத்துட்டுப் போனாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

தெரியும் என்பது போல அவள் தலையை ஆட்டிவைத்தாள். அப்படி ஆட்டினால்தான் மீதியும் வரும். வந்தது. தேதி குறித்த பிறகு ஒரு நாள் ஐயா அந்த அம்மாள் வீட்டுக்குப் போய் நின்றிருக்கிறார். அடிக்க வந்திருக்கிறார் என்று பயந்து அவள் எழுந்து நின்றாளாம். அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, உங்கள் வக்கீலைப் பார்க்க வேண்டும் என்றாராம். வக்கீலோடு தலைநகரம் வரை போய், மனு போன இடத்திலெல்லாம் நேரில் நின்று, செத்தவனுக்கு அப்பன் நான், எனக்கு இந்தத் தூக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அப்பனே சொல்கிறாரே என்றுதான் மேலே இருந்தவர்கள் இரங்கினார்கள் என்று வக்கீல் சொன்னாராம். என் பையன் உயிர் ஐயா போட்ட பிச்சை என்று சொல்லி அந்த அம்மாள் மறுபடியும் அழுதாள்.

மெழுகுக் கத்தியை எடுத்து அதன் முனையில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினாள் மருமகள். நம்ம கையில என்னம்மா இருக்கு. கையில்தான் இருந்திருக்கிறது, எல்லாம்.

"எதுக்காம்?" என்று கேட்டாள். பல் எங்கே உறுத்துகிறது என்று விசாரிக்கிற குரலில்தான் கேட்டாள்.

"அத நானும் கேட்டேம்மா. எம் பையன் செஞ்சதுக்கு நானே அவனுக்குச் சோறு போட யோசிப்பேன், நீங்க எதுக்கு வந்தீங்கன்னு கேட்டேன். தூக்குல போடறதுக்கு முன்னாடி எடை பாப்பாங்களாமே, உயரம் அளப்பாங்களாமே, கயித்துக்கு அளவு எடுப்பாங்களாமேன்னாரு. ஆமாங்க, அப்படித்தான் சொல்றாங்கன்னேன். நான் அளவெடுத்துப் பொழைக்கறவன், ஒருத்தன் வாழறதுக்குத்தான் அளவு எடுக்கணும், சாகறதுக்கு எடுக்கக் கூடாது, அத நெனச்சா எனக்குக் கை ஓட மாட்டேங்குதுன்னாரு."

மாமாவின் பேச்சுதான். சந்தேகமே இல்லை. அவர் சொல்லாததை இந்த அம்மாளால் கட்டிச் சொல்ல முடியாது. அவளுக்கே ஒரு கணம் அது கண்ணில் தெரிந்தது. ஒரு பையன் சுவரோரம் நேராக நிற்கிறான். டேப்பும் கையுமாக ஒருவர் குனிந்து, மரியாதையாக, கொஞ்சம் தலையை நிமிர்த்திக்கோ என்கிறார். நாடி பார்க்க ஒரு டாக்டர் இருக்கிறார், நோய் இருந்தால் குணப்படுத்திவிட்டுத்தான் கொல்ல வேண்டும். எல்லோரும் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறார்கள். கைக்குள் ஏதோ கூசியது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே அந்த இன்னொரு கதவும் தெரிந்தது, வெளித்தாழ் போட்ட கதவு. அங்கே யாரும் யாருக்கும் அளவு எடுக்கவில்லை.

"என் புருஷனுக்கு யாரு தடை வாங்கினா?" என்றாள். "உள்ள இருந்து கதவத் தட்டியிருப்பாரு இல்ல? அந்த மனு யாருகிட்டப் போச்சு?"

அந்த அம்மாள் தரையைப் பார்த்தாள். "அதுக்கு எங்கிட்ட பதில் இல்லம்மா" என்றாள். "ஐயாவும் அதத்தான் சொல்லுவாரு. எம் மருமக ஒரு கேள்வி கேட்டா எனக்குப் பதில் இல்லன்னு."

"என்னப் பத்திப் பேசுவாரா?"

"மாசம் ஒரு தடவையாவது வருவாரும்மா. டீ குடிச்சிட்டுப் பேசிட்டிருப்பாரு. கடைசியா வந்தப்ப, எனக்கும் தேதி போட்டாச்சுன்னு சிரிச்சாரு. உம் பையன் எப்படி இருந்திருப்பான்னு இப்பத்தான் தெரியுது, சாகறது பெரிசில்ல, தேதி தெரிஞ்சிட்டா தினமும் ஒரு தடவை செத்துப் பாக்க வேண்டியிருக்கு, தேதி தெரியாததாலதான் நாமெல்லாம் உக்காந்து டீ குடிக்கிறோம்னாரு."

நோயின் தேதியை மாமாவுக்குச் சொன்னவள் அவள்தான். டாக்டர் வராந்தாவில் நிறுத்தி அவளிடம் சொன்னார், அவரிடம் மறைத்துவிடலாம் என்றும் சொன்னார். அவள் மறைக்கவில்லை. இந்த வீட்டில் ஒருவருக்கொருவர் மறைக்கிற வழக்கம் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். அவர் கேட்டுக்கொண்டு, இன்றைக்குக் கொடுக்க வேண்டிய செட் ரெடியா என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு விடிகிற நேரங்களில் கூப்பிடுவார், வந்து கொஞ்சம் உட்காரம்மா என்று. போய்க் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். வெளிச்சம் வருகிறவரை இரண்டு பேரும் பேச மாட்டார்கள். பேசத் தேவையில்லாத அளவுக்கு நெருக்கம் என்று அவள் அதற்குப் பெயர் வைத்திருந்தாள். பேச்சையெல்லாம் அவர் வேறு வீட்டில் இறக்கிவைத்துவிட்டு வந்திருந்தார்.

அந்தப் பையனை விட்டதுகூட இருக்கட்டும் என்று தோன்றியது. அப்பன், அவருக்கும் உரிமை உண்டு. என்னிடம் வந்து, உன் ஆசையில் எனக்குப் பங்கில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தட்டை எடுத்து எறிந்திருப்பேன். கடைசியில் ஒத்துக்கொண்டுகூட இருப்பேன், யார் கண்டது. அந்தச் சண்டையைக்கூட அவர் எனக்குத் தரவில்லையே.

கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் வந்தாள். டீ டம்ளர்கள் எங்கே என்று கேட்க வந்தவள், அந்த அம்மாளைப் பார்த்ததும் கேட்க வந்ததை மறந்துவிட்டாள்.

"கீழ நின்னு பாத்துட்டுப் போயிடுங்கன்னுதானே போன்ல சொன்னேன்" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

ஹாலில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. அந்த அம்மாள் சுவரோடு சுவராக ஒதுங்கி, கதவிடுக்கு வழியாக வெளியே போய்விட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"அண்ணி, இப்ப வேண்டாமே."

"எத்தன நாளா?"

"மொதல்லேர்ந்தே." நாத்தனாரின் கண் நிறைந்தது. "எனக்கும் அவன் அண்ணன்தான் அண்ணி. எனக்கும் அப்பா மேல கோவம் இருந்துச்சு. ஒரு மாசம் பேசாம இருந்தேன். அப்பறம் என்ன பண்றது, அப்பாவாச்சே. அவரு உங்ககிட்ட சொல்லணும்னுதான் சொல்லிட்டிருந்தாரு. நான்தான் வேண்டாம்னேன். நீங்க கோச்சுக்கிட்டு உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா அவர யாரு பாத்துக்குவா? எனக்கும் வீடு இருக்கு, வேலை இருக்கு, மாமியார் வேற..."

தான் சொல்வது அவளுக்கே காதில் விழுந்துவிட்டது. நிறுத்திக்கொண்டாள்.

"அதுக்கு மாமா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல அண்ணி. சரின்னு விட்டுட்டாரு."

ஒன்றும் சொல்லவில்லை. அதுதானே அவர் வழக்கம். கோர்ட்டுப் பெஞ்சில் ஒன்றும் சொல்லாமல் இருந்ததைத் தன் பக்கம் என்று எடுத்துக்கொண்டாள். இங்கே மகளிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்ததும் ஒரு பக்கம்தான். டாக்டரிடம் கூட்டிப்போகவும், படுக்கைத் துணி மாற்றவும், வேளைக்கு மாத்திரை கொடுக்கவும் ஆள் வேண்டும் என்கிற பக்கம். துக்கத்தில் பங்காளி என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள். அவர்கள் கணக்கில் அவள் வீட்டோடு இருந்த ஆள். அதுவும் நல்ல ஆள், கோபித்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்று பயந்து பயந்து வைத்துக்கொண்ட ஆள்.

"டம்ளர் மேல் தட்டுல இருக்கு" என்றாள்.

வண்டி வந்துவிட்டது என்று மருந்துக்கடைக்காரர் கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

மாடிப்படி குறுகல். ஸ்ட்ரெச்சரைத் திருப்ப முடியாமல் நாத்தனாரின் கணவரும் டிரைவரும் திணறினார்கள். தலைப்பக்கம் மேலே, கால்பக்கம் கீழே என்று மருந்துக்கடைக்காரர் கட்டளை போட்டுக்கொண்டே பின்னால் இறங்கினார். ஒரு திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் சாய்ந்து மாமாவின் தலை ஒரு பக்கமாகப் புரண்டது. மேல்படியில் நின்றிருந்த அவளுக்குக் கை தானாக நீண்டது. நீண்ட கையைப் பார்த்தாள். பிறகு அதைப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்துக்கொண்டாள். தலையை வாத்தியார்தான் நேராக்கினார்.

தெருவில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பக்கம் ஸ்ட்ரெச்சர், மறு பக்கம் ஒருவர் உட்காரும் அளவுக்குச் சின்ன பெஞ்சு. பெல்ட்டை மாட்டிப் பார்த்த டிரைவர், கொக்கி ஒன்று சரியில்லை, வழியில் ரோடு வேறு தோண்டிப் போட்டிருக்கிறார்கள், திருப்பத்தில் உடம்பு சரியும் என்றார்.

"வீட்டு ஆள் ஒருத்தர் கூட உக்காந்து புடிச்சுக்கிட்டு வரணும். யாரு வர்றீங்க?"

கேள்வி பொதுவாகக் கேட்டதுதான். ஆனால் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கேட்கவே வேண்டாம் என்பது போல மருந்துக்கடைக்காரர் அவள் ஏறுவதற்கு வழிவிட்டு நகர்ந்து நின்றார். இவ்வளவு பேரும் சொல்லிவைத்த மாதிரி தன்னைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். நாத்தனார் மட்டும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்துக்கடையின் சுவரோரம் அந்த அம்மாள் நின்றாள். வண்டி கிளம்பியதும் எந்தப் பக்கம் நழுவுவது என்று யோசிக்கிறவள் மாதிரி.

"அவங்க ஏறட்டும்" என்றாள் மருமகள்.

மருந்துக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "யாரு? அந்தம்மாவா? யாரு அவங்க?"

"மாமாவுக்கு வேண்டப்பட்டவங்க."

"அண்ணி" என்றாள் நாத்தனார், பல்லுக்குள். இத்தனை பேர் நடுவில் அதற்கு மேல் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சொன்னால் யார் என்று சொல்ல வேண்டிவரும்.

அந்த அம்மாள் சுவரை விட்டு ஓரடி வந்து நின்றாள். "நான் எப்படிம்மா... நான் ஏறலாமா?"

"ஏறுங்க. அவர் தனியாப் போக வேண்டாம்."

குரலில் கோபம் இல்லை என்று கேட்டவர்கள் நினைத்திருப்பார்கள். வாத்தியார்கூட, நல்ல மனசு என்பது போலத் தலையசைத்தார். அந்த அம்மாள் கதவைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி ஏறினாள். பெஞ்சில் உட்கார்ந்து, எங்கே கை வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் காற்றில் வைத்திருந்தாள். மார்மேல் வைத்து அழுத்திப் பிடிச்சுக்கோங்கம்மா என்றார் டிரைவர். வைத்தாள். கதவைச் சாத்தினார்கள்.

நாத்தனார் கார்க்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "நீங்க எங்ககூட வாங்க அண்ணி" என்றாள். குரல் கெஞ்சியது.

"நீங்க போங்க. கடை தெறந்து கெடக்கு."

நாத்தனார் கொஞ்ச நேரம் நின்றாள். கணவர் ஹாரன் அடித்தார். ஏறிக்கொண்டாள். மற்றவர்கள் ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலும் தொற்றிக்கொண்டு முன்னால் கிளம்பினார்கள். மருந்துக்கடைக்காரர் ஷட்டரை இழுத்துப் பாதியில் விட்டுவிட்டு, வரவில்லையா என்று கண்ணால் கேட்டார். பிறகு அவரும் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போனார்.

தெருமுனையில் சிலிண்டர் லாரி ஒன்று குறுக்கே நின்று இறக்கிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் சந்தில் புகுந்து போய்விட்டன. காரும் எப்படியோ ஒட்டிக்கொண்டு போய்விட்டது. வண்டி மட்டும் நுழைய முடியாமல் நின்றது. வலது பக்க விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. டிரைவர் இறங்கிப் போய் லாரிக்காரரிடம் என்னவோ பேசினார். லாரிக்காரர் இன்னும் கொஞ்சம்தான் என்று கையைக் காட்டிவிட்டு, நிதானமாக அடுத்த சிலிண்டரை உருட்டினார்.

பின்கண்ணாடி வழியே அந்த அம்மாளின் முதுகு தெரிந்தது. ஒரு தடவை அவள் திரும்பிப் பார்த்தாள். வருகிறாயா என்று கேட்பது போலவும் இருந்தது, என்னை இறக்கிவிடு என்று கேட்பது போலவும் இருந்தது. நடந்தே போய்க் கதவைத் தட்டி ஏறிக்கொள்கிற தூரம்தான்.

லாரி நகர்கிறவரை அவள் வாசலிலேயே நின்றாள். நகர்ந்ததும் படியேறினாள்.